ஜன்னல் துணியில் ஒரு சட்டை

பத்திரிகை ஆபீசில் அவருக்கு ‘ரெக்கார்டர்’ என்று பெயர். பிரபலங்களைப் பேசவிட்டுப் பதிவு செய்து, அவர்கள் வாழ்க்கையைப் புத்தகமாக்குவதுதான் இருபது வருட உத்தியோகம். பதினோரு புத்தகங்கள். அட்டை முழுக்க அவர்கள் முகம். இவர் பெயரைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பக்கத்து மேஜை வானிலைக்காரர், ‘மழை வரலாம், வராமலும் போகலாம்’ என்று எழுதியே காலம் தள்ளிய மனுஷன், சொந்தக் கதையைப் புத்தகமாகப் போட்டு அட்டையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. வயிறு பற்றி எரிந்தது. இந்த ஆளுக்கே ஒரு வாழ்க்கை இருக்கும்போது எனக்கு இல்லையா என்று ஆறு மாதம் உட்கார்ந்து தன் கதையை எழுதிப் பதிப்பாளரிடம் கொடுத்தார்.

மூன்றாம் நாளே அழைப்பு வந்துவிட்டது.

“என்ன சார் இது? அம்மா ஜன்னல் ஸ்க்ரீனை வெட்டி ஸ்கூல் சட்டை தைக்கிறாங்க. இது அந்தக் காமெடி நடிகர் புத்தகத்துல வருதே! பரீட்சைக்கு பஸ்ஸை விட்டுட்டு ஓடுறது, ஓட்டப்பந்தய வீரரோட கதை. எல்லாம் நீங்க எழுதினதுதானே?”

இவர் எழுதியதுதான். “சின்ன வயசா? சொல்ற மாதிரி ஒண்ணுமில்லையே” என்று கையை விரித்த பிரபலங்களுக்கெல்லாம், தன் சின்ன வயதிலிருந்துதான் ஆளுக்கொன்றாக எடுத்துக் கொடுத்திருந்தார். அவர்களும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள். நடிகர் இப்போதும் மேடைக்கு மேடை அந்தச் சட்டையைச் சொல்லி அழுகிறார். நிஜமாகவே அழுகிறார்.

“அது எங்க அம்மாங்க.”

“நான் நம்புறேன். படிக்கிறவங்க நம்பணுமே? உங்க வீட்டுல யாராவது சொல்வாங்களா?”

தங்கை ஒருத்திதான் மிச்சம். நேரே அவள் வீட்டுக்குப் போனார்.

“ஸ்க்ரீன் துணியில தச்ச சட்டை ஞாபகமிருக்கா?”

“இல்லாம? படிச்சுட்டு எவ்வளவு அழுதேன் தெரியுமா! பாவம், அந்த நடிகரோட அம்மா.”

“அது நம்ம அம்மா!”

தங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நம்ம வீட்டு ஜன்னல்ல எப்பண்ணா ஸ்க்ரீன் இருந்துச்சு?”

இவள் பார்த்து இருக்கவில்லைதான்; அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இவள் பிறப்பதற்கு முந்தின வருடமே அம்மா அதை வெட்டிவிட்டாள். அதைச் சொன்னார். சொல்லும்போதே, வானிலைக்காரரை மறந்து நடிகரை நினைத்து எரிந்தது.

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். “உன் பொறாமைக்கு ஒரு அளவே இல்லையாண்ணா? அடுத்தவங்க அம்மா மேலயுமா?”