தெக்கேவிளை வீட்டுப் பிரேமா அக்காவைக் காணவில்லை

பழம்பொரி வாசனையும் சூடான பிரிண்டர் பேப்பர் வாசனையும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? என் முதல் வேலையின் வாசனை அதுதான்...

கேரள எல்லையில் இருக்கும் பாறசாலையில், பழம்பொரி என்ற வாழைப்பழ பஜ்ஜி போடும் ஒரு டீக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். நான், டேட்டாபேஸ் அட்மின் பிரேமா அக்கா, முதலாளி பென்னி சார். கம்பெனியே அவ்வளவுதான். பழைய டேட்டாபேஸில் கிடக்கும் விவரங்களைப் புதிய சாஃப்ட்வேருக்கு மாற்றிக் கொடுப்பது எங்கள் தொழில்.

அப்போது டயல்-அப் காலம். இன்டர்நெட் போட்டால் போன் எங்கேஜ்டு ஆகும், பென்னி சார் முகம் சுருங்கும். அதனால் அவர் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து அக்கா லைன் போடுவார். டேட்டாபேஸ், எக்ஸ்எம்எல் வேலை செய்கிறவர்களுக்காக யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் சொந்தமாக நடத்திய தளம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் திறப்பதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வரலாம்!

வேண்டியதைப் பிரிண்ட் எடுத்து, துணி காயப்போடும் கிளிப்பால் கட்டி வைப்பார் அக்கா. ஓரத்தில் பென்சிலால் பாதி தமிழ், பாதி மலையாளம். அங்கங்கே பழம்பொரி எண்ணெய். அந்தக் கட்டைப் படித்துத்தான் நான் தொழில் கற்றேன். காலேஜில் மூன்று வருஷம் புரியாதது அதில் ஒரு மத்தியானத்தில் புரிந்தது.

ஒருநாள் ஒரு கிளினிக் வேலை வந்தது. நோயாளிகளின் விவரம் முழுவதையும் எக்ஸ்எம்எல் ஆக்கித் தரவேண்டும். அதாவது பேர், வீடு, ரத்த குரூப் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் ஒரு சீட்டு ஒட்டி எழுத வேண்டும். சிக்கல் என்னவென்றால், ஓ.பி. சீட்டைத் தொலைத்தவர்கள் எல்லாம் மறுபடி மறுபடி புதிதாகப் பதிந்திருந்தார்கள். ஒரே ஆள் பல தடவை இருந்தார்.

அதற்கும் அந்தத் தளத்தில் வழி இருந்தது. பேரும் முகவரியும் ஒன்றாக இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழி, இதோ அதற்கான குவெரி, அதாவது டேட்டாபேஸுக்கு இடும் கட்டளை. ஒரு காப்பி எடுத்து அதில் ஓட்டினோம். பட்டியல் சர்ரென்று இளைத்தது. பென்னி சாருக்கு வாயெல்லாம் பல்.

அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. பக்கத்து ஊரான தனுவச்சபுரத்துக்காரர், அந்த கிளினிக்குக்குத்தான் அவரும் போவார். சும்மா தன் பேரைத் தேடிப் பார்த்தார்.

"மக்கா... இதுல என்னைக் காணல்லியே."

பிரேமா, தெக்கேவிளை வீடு, தனுவச்சபுரம் என்று ஒருவர் இருந்தார், அக்காவின் அதே பேரும் முகவரியும். ஆனால் ரத்த குரூப் வேறு. அவர் வேறொரு பிரேமா!

எங்கள் ஊர் முகவரியில் கதவு நம்பரும் கிடையாது, தெருவும் கிடையாது. வீட்டுப் பேரும் ஊரும்தான். விளை என்றால் தோப்பு; தெற்குத் தோப்பில் வீடு இருந்தால் அது தெக்கேவிளை வீடு. ஊருக்கு நாலு தெக்கேவிளை வீடு இருக்கும். வீட்டுக்கு ஒரு பிரேமா இல்லாவிட்டால்தான் அதிசயம். வயதை வைத்தாவது பிரிக்கலாம் என்றால், அதை அவரவர் வாய்க்கு வந்தபடி சொல்லியிருந்தார்கள்.

பயம் எங்கே என்றால், அழிந்துபோன அக்காவின் பதிவில்தான் அவருக்குப் பெனிசிலின் ஆகாது என்று எழுதியிருந்தது.

அன்று சாயங்காலமே கொடுக்காவிட்டால் வேலை திருவனந்தபுரத்துக்குப் போய்விடும், அப்புறம் ஆபீஸைப் பூட்ட வேண்டியதுதான் என்றார் பென்னி சார். ஒன்றிரண்டு பேர் மாறினால் கிளினிக்கில் பார்த்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார்.

அக்கா சத்தம் போடவில்லை.

"சாறே, அந்த ஒண்ணு நானாக்கும். நான் உயிரோட உண்டு. இதை அழிச்சுக் குடுக்க எனக்கு ஒக்காது."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரையும் அழிக்காமல், ஒன்றுபோல் இருந்த பதிவுகளுக்கு மட்டும் 'கேட்டுப் பார்க்கவும்' என்று ஒரு சீட்டைக் கூடுதலாக ஒட்டினார். அந்த ஆள் அடுத்த முறை வரும்போது கவுண்டரில் கேட்டு, அவரே சொன்ன பிறகு சேர்த்தால் போதும். இருட்டும் முன்னே வேலை முடிந்தது. கிளினிக்காரர்களுக்கு அந்தச் சீட்டுதான் ரொம்பப் பிடித்துப்போனது. அன்று அக்காவைப் பார்த்து நான் மலைத்துப்போனேன், இன்றும் அந்த மலைப்பு தீரவில்லை.

அதோடு விட்டாரா? தளக்காரருக்கு மெயில் எழுதினார். எங்கள் ஊர் வீட்டுப் பேர் கதையையெல்லாம் இங்கிலீஷில் விளக்கி! கொஞ்ச நாளில் அந்தக் குவெரிக்கு மேலே ஒரு வரி ஏறியிருந்தது. பேரும் முகவரியும் ஒன்றானாலும் ஆள் வேறாக இருக்கலாம், கேட்காமல் அழிக்காதீர்கள் என்று. அக்கா அதையும் பிரிண்ட் எடுத்துக் கிளிப்பில் மாட்டினார்.

இப்போது நான் திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் பெரிய ஆபீஸில் இருக்கிறேன். கேள்வியை முடிப்பதற்குள் ஏஐ பதில் சொல்லிவிடுகிறது. டீ குடிக்கக்கூட நேரமில்லை... அந்தத் தளம் எப்போதோ மூடிப்போயிற்று.

போன வாரம் எங்கள் டீமில் ஒருத்தி இதே வேலைக்கு ஏஐயிடம் குவெரி கேட்டாள். வந்தது. அடியில் ஒரு எச்சரிக்கை: பேரும் முகவரியும் ஒன்றானாலும் ஆள் வேறாக இருக்கலாம், கேட்காமல் அழிக்காதீர்கள். இந்த வரி தேவையா என்று என்னிடம் கேட்டாள்.

கண்டிப்பாகத் தேவை என்றேன். ஏஐ அந்த வரியை எங்கிருந்து படித்ததோ, யார் கண்டார்? ஸ்கிரீன்ஷாட் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். நெய்யாற்றின்கரையில் இன்றும் இதே வேலைதான் செய்கிறார்.

கொஞ்ச நேரத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் பஸ் சத்தம்.

"கண்டேன் மக்கா. இதுல நான் உண்டு."