மாலை கழற்றும் நாள்

என் தங்கை தேவிப்பிரியாவுக்குக் கார்த்திகை பிறந்தால்தான் மூச்சு வரும். திருநின்றவூரில் ஊரே மழையைத் திட்டிக்கொண்டிருக்கும் அந்த மாதத்தில்தான் அவள் புருஷன் லோகநாதன் சபரிமலைக்கு மாலை போடுவான். மாலை போட்டால் பட்டன் போனுக்கு மாறிவிடுவான். அவளுக்கு அது போதும்.

குடி இல்லை, சிகரெட் இல்லை, அம்பத்தூர் எஸ்டேட்டில் நிரந்தர வேலை. சம்பந்தம் பேசும்போது இதைத்தான் சொன்னார்கள். நாங்களும் பல்லை இளித்துக்கொண்டு பெண்ணைக் கொடுத்தோம். ஒருவன் ஆபாச வீடியோவும், முகம் தெரியாத பெண்களோடு பேச்சுமாகவே கிடப்பானா என்று யாருக்குக் கேட்கத் தோன்றும்? குளியலறையில், ரயிலில், மகளுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அதே வேலை. அழுவான், சத்தியம் செய்வான், மறுநாளே ஆரம்பிப்பான். இவளோ தன்னிடம்தான் ஏதோ குறை என்று கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டாள். எனக்கு அவனை நாலு அறை அறையலாம் போலிருக்கும்.

போன வருடம் அந்தக் கண்றாவிகளில் ஒன்று, கைதவறி, மகள் பவ்யாவின் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போய் விழுந்தது. அழிப்பதற்குள் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். பள்ளிக்கே போக மாட்டேன் என்று குழந்தை போர்வைக்குள் கிடந்தாள். வேறு பள்ளியில் சேர்த்தோம்.

அதற்கப்புறம்தான் ஆவடியில் ஒரு மனநல மருத்துவரிடம் இருவரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

"இது கொழுப்பு இல்லம்மா. உங்க தங்கச்சியோட குறையும் இல்ல. வேணாம்னு நெனச்சாலும் அவரால நிறுத்த முடியல. மனசு தவிக்கிறப்பல்லாம் அதுல போய் ஒளிஞ்சிக்கிறாரு. சரியாகும், ஆனா அவரே விடாம வரணும்" என்றார் டாக்டரம்மா.

தேவி அங்கேயே உடைந்து அழுதாள். உன் குறை இல்லை என்று ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்கிறாள், பாவம்.

சில வாரம் ஒழுங்காகப் போனான். அதற்குள் கார்த்திகை வந்துவிட்டது. மலைக்குப் போய்வந்ததும் சிகிச்சையைத் தொடர்வதாகச் சொல்லி மாலை போட்டான். தொடராவிட்டால் இனி அந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று தேவி என்னிடம் சொன்னாள்.

அவன் மலையிலிருந்து திரும்பிய அன்று நானும் அங்கே இருந்தேன். மாமியார் சரசா கற்பூரம் காட்டிவிட்டு, மாலையைக் கழற்றக் கையை நீட்டினாள்.

"சாமி, நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்ல?" என்று கேட்டாள் தேவி.

"இன்னாத்துக்கு? மாலை போட்டா நிறுத்திடறேன்ல? நிறுத்த முடியுதுன்னா அப்பறம் இன்னா நோவு?" என்றான் லோகநாதன்.

"அதானே! எம்புள்ள இன்னா பைத்தியமா?" என்றாள் சரசா. "தைப்பூசத்துக்கு இன்னொரு மாலை போட்டுக்கினா ஆச்சு!"

அடிப்பாவி, மாலை மாலையாகவே என் தங்கையின் ஆயுளைக் கழித்துவிடுவாள் போல. நான் வாய் திறப்பதற்குள் தேவி பேசிவிட்டாள்.

"நீங்க சாமியா கீறப்ப மட்டும்தான் நான் பயமில்லாம கீறேன். எனக்குச் சாமி வேணாம். வைத்தியம் பாத்துக்கிற மனுஷன் வேணும். கழட்டுங்க அத்தே. கழட்டிட்டு உங்க புள்ளய நீங்களே பாத்துக்குங்க."

பவ்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அவன் பின்னாலேயே ஓடிவந்தான்.

"போகாத தேவி! வேணும்னா வருஷம் பூரா மாலையோடயே கீறேன்!"

அவன் அழுதது நிஜம்தான். டாக்டரிடம் வருகிறேன் என்று மட்டும் கடைசிவரை அவன் வாயில் வரவில்லை.