பந்தலுக்குள் புகை

மாப்பிள்ளையின் அம்மா தாம்பூலத் தட்டைச் சட்டென்று எடுத்துக்கொண்டு உள்ளே போன அந்த நொடி இன்றும் எனக்கு மறக்கவில்லை. தட்டு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் மேடம் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார். கருமத்தம்பட்டியில் விசைத்தறி வைத்திருக்கும் சம்பந்தி வீட்டுக் கூடம் அது. மேடத்தின் ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "உன் புகைய நீயே கொண்டு போய்க் காட்டு" என்று அவர் கணவர் வர மறுத்துவிட்டதால், அலுவலகத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்த நான் மாட்டிக்கொண்டேன்.

தெருவில் ஒரு வண்டி எரிந்தால் புகை எங்கே போகும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. மாப்பிள்ளை வீட்டார் பேசிவைத்த மண்டபத்தையும் அதன் முன்னாலிருந்த குறுகலான தெருவையும் மேடம் விளையாட்டாகத்தான் ஓட்டினார். திறந்த வானத்தில் புகை சமர்த்தாக மேலே போய்விட்டது. பிறகு, கல்யாணத்தன்று தெருவை மூடிப் போடப்போகும் பந்தலை வரைந்தார். நிழலுக்காக அதற்குள் நிறுத்தும் வேன்களில் ஒன்றை எரியவிட்டார். மேலே போக வழியில்லாத புகை பந்தலுக்கு அடியிலேயே ஓடி, மண்டபத்தின் ஒரே வாசலில் நுழைந்து, மாடிப்படியில் ஏறியது. மணமேடையும் மணப்பெண் அறையும் மாடியில்தான் இருந்தன. திரையில் மணப்பெண் அறை கறுத்ததும், இதைச் சம்பந்தி வீட்டில் காட்டியே தீருவேன் என்று மேடம் மடிக்கணினியோடு கிளம்பிவிட்டார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"ஏனுங்க சம்பந்தி, நல்ல காரியம் பேசற எடத்துல தீயி, பொகைன்னு எடுக்கறீங்களே?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. குரல் உயரவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் மரியாதை கூடக் கூடக் கோபமும் கூடுகிறது என்று அர்த்தம். "உங்களுக்குப் புடிக்கலீன்னா இப்பவே சொல்லிப்போடுங்க."

கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன்.

"கல்யாணம் வேணுமுங்க. பந்தலுக்குள்ள வண்டிதான் வேண்டாமுங்க" என்றார் மேடம். திரையில் கறுத்திருந்த மாடி அறையைத் தொட்டுக் காட்டினார். "எம்புள்ள மேல இருக்கறாளுங்க."

மாப்பிள்ளையின் அப்பா குனிந்து அந்த அறையைப் பார்த்தார். பிறகு, "வண்டிய மெயின் ரோட்டுலயே நிறுத்தச் சொல்றேன். ஆனா இந்தப் பேச்சு இந்த ஊட்டோட நிக்கட்டுங்க" என்றார்.

கல்யாணத்தன்று பட்டுப்புடவைகள் வெயிலில் முணுமுணுத்துக்கொண்டே நடந்து வந்தன. முகூர்த்த நேரத்தில் ஒரு வேன்காரர் உள்ளே வந்தே தீருவேன் என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன், மேலே போங்கள் என்று மேடத்திடம் கெஞ்சினேன். "உம் பேச்ச அவரு கேக்கமாட்டாரு கண்ணு" என்று வண்டிக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றார். மேலே கெட்டிமேளம் கேட்டது. மகள் கழுத்தில் தாலி ஏறியதை அவர் பார்க்கவே இல்லை.

இப்போதும் விசேஷங்களில் சந்திக்கும்போதெல்லாம் சம்பந்தி சீண்டுவார்: "அன்னைக்கு ஒண்ணுமே ஆகலீங்களே! வெயில்ல நடந்ததுதான் மிச்சமுங்க."

"ஆமாங்க, ஒண்ணுமே ஆகலீங்க" என்பார் மேடம். சொல்லும்போது மகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.