வெள்ளைப் புடவையும் வெள்ளை கவுனும்

மெழுகும் அந்துருண்டையும் கலந்த வாசனை... காரைக்காலில் அந்த வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததும் அதுதான் முதலில் மூக்கில் ஏறியது. சுவரோரம் ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே சிவப்பு வெல்வெட் மெத்தை, அதன்மேல் மெழுகில் செய்த ஆரஞ்சுப் பூக் கிரீடம், சுற்றிலும் குட்டிக் குட்டிக் கண்ணாடிகள்.

அந்தக் குடும்பத்தில் யாரோ ஒருவர் கல்யாணத்தன்று சூடிய கிரீடமாம். பிரெஞ்சுக்காரர்கள் வழக்கம். பல தலைமுறையாக பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த குடும்பம் அது. பேர் தமிழ், பாஸ்போர்ட் பிரெஞ்சு.

நாங்கள் போனது என் ஸ்டெல்லா அக்காவின் கல்யாணம் பேச. அவளுக்கு இரண்டாவது கல்யாணம்.

முதல் கணவர் கல்யாணமான மறுவருஷமே பைக் விபத்தில் போய்விட்டார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர். நாங்களும் வேதக்காரர்கள்தான், கிறிஸ்தவர்கள். எந்தப் பங்குச் சாமியாரும் அக்காவை வெள்ளை கட்டச் சொல்லவில்லை. சொன்னது உறவுக்காரர்கள். அம்மாவும் "ஊரு பேசும்டி" என்றாள். இருபத்து மூன்று வயதில் பூவை எடுத்து, வெள்ளைப் புடவையைக் கொடுத்தார்கள். அதைக் கட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடத்துக்கும் போனாள். "டீச்சர், உங்ககிட்ட வேற கலரே இல்லையா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அக்கா போர்டுப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

மாப்பிள்ளை சேவியர். அவருக்கும் மனைவி தவறியிருந்தார். தன்மையான மனுஷர். பேசியதெல்லாம் அவருடைய பெரியம்மாதான்.

"எங்க வழக்கத்துல வெள்ளை கவுனும் ஆரஞ்சுப் பூ கிரீடமும் கன்னிப் பொண்ணுக்குத்தாங்க. அது தூய்மைக்கு அடையாளம். ரெண்டாந்தாரத்துக்கு முக்காடு கிடையாது. சாம்பல் கலர்ல ஏதாவது கட்டிக்கட்டும்."

அம்மா தலையை ஆட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா நிதானமாகக் கேட்டாள். "அவருக்கும் இது ரெண்டாவதுதானே? அவரு என்ன கலர் போடணும்?"

"அவன் ஆம்பளப்புள்ள. கோட்டு சூட்டுதான்."

"எங்க ஊருல என்னைய வெள்ளைதான் கட்டணும்னாங்க. நீங்க கட்டவே கூடாதுங்கறீங்க. துணி ஒண்ணுதான் பெரியம்மா. ரெண்டு ஊருலயும் நான்தான் தப்பா இருக்கேன்."

 சேவியர் அந்தக் கண்ணாடிக் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் வரும்போது அம்மா திட்டித் தீர்த்தாள். "வாய மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

"இத்தனை வருஷமா வேற என்னம்மா செஞ்சேன்?"

அதோடு அந்தச் சம்பந்தம் முறிந்தது என்றுதான் நினைத்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேவியர் தனியாக வந்து நின்றார். நடவு நேரம். வரப்புச் சேறு பாண்ட்டெல்லாம் அப்பியிருந்தது.

"அன்னைக்கு நான் பேசியிருக்கணும்ங்க. நீங்க என்ன கட்டினாலும் எனக்குச் சம்மதம்."

"சம்மதம் கேக்கலைங்க. ஆனா அன்னைக்கு நீங்க வாயத் தொறந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்," என்றாள் அக்கா. பிறகு காபி கொடுத்தாள். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

கும்பகோணத்தில் போய் அரக்குச் சிவப்பில் ஒரு பட்டு எடுத்தாள். கல்யாணத்தன்று காலையில் தட்டு நிறைய மல்லிகை இருந்தது. வைத்துவிட ஒரு சுமங்கலியும் முன்வரவில்லை! அத்தைமார்கள், பெரியம்மாக்கள் அத்தனை பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் எழுந்தேன். "கல்யாணமாகாத பொண்ணு, நீ தொடாதே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, ஹேர்பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு, தானே வைத்துக்கொண்டாள். அந்தக் காட்சியை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன். பிரான்சிலேயே அந்தக் காலத்துக் கிராமத்துப் பெண்கள் தங்களிடம் இருந்த நல்ல உடுப்பைத்தான் கல்யாணத்துக்குப் போட்டார்களாம். சிவப்பு, நீலம், கறுப்புகூட. வெள்ளை பின்னால் வந்த பழக்கம். அந்தப் பெரியம்மா என்னவோ ஆதாமும் ஏவாளும் போட்ட சட்டம் மாதிரியல்லவா பேசினார்!

சேவியர் அத்தான் போன வருஷம் காலமாகிவிட்டார். போன மாதம் அவர்கள் மகளுக்குக் கல்யாணம். வெள்ளை கவுன், ஆன்லைனில் வாங்கிய ஆரஞ்சுப் பூக் கிரீடம், வந்தவர்களுக்கெல்லாம் வலைத்துணியில் முடிந்த சர்க்கரைப் பாதாம்... எல்லாம் பிரெஞ்சு முறை. அந்த முறைப்படி பெண்ணை அப்பா கைப்பிடித்துப் பீடம் வரை கூட்டிப்போக வேண்டும். அப்பா இல்லை.

மாதா கோயில் வாசலில் உறவுக்காரர்கள் கூடிவிட்டார்கள். "சித்தப்பா கூட்டிட்டுப் போகட்டும். ஸ்டெல்லா, நீ கொஞ்சம் பின்னால நில்லும்மா... நல்ல காரியம் பாரு."

இத்தனை வருஷம் கழித்தும் அதே பேச்சு! நான் வாயைத் திறப்பதற்குள் அவள் மகள் முந்திக்கொண்டாள்.

"என்னைய வளர்த்தது அம்மா. அம்மாதான் கூட்டிட்டுப் போவாங்க. பிடிக்காதவங்க வெளில நில்லுங்க."

யாரும் வெளியே நிற்கவில்லை. இலைப்பச்சைப் பட்டில், தலையில் பூவோடு அக்கா மகள் கையைப் பிடித்து நடந்தாள். அவளுக்கு லேசாக முழங்கால் வலி. மகள் அதற்கேற்ப மெதுவாக நடந்தாள்.

காரைக்கால் வீட்டில் அன்று அக்காவுக்காக அப்படி ஒரு குரல் எழவில்லை. அவளேதான் பேசிக்கொண்டாள். அத்தான் இருந்து பார்த்திருக்கலாம்...

உறவுக்காரர்களா? ஒருத்தர்கூட வருத்தம் தெரிவிக்கவில்லை. பிரியாணி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.