ஆறு நிமிட தூரம்

செவ்வாய்க்கிழமை காலை கச்சிராயபாளையத்திலிருந்து ஜீப் ஓட்டுநர் முருகன் அழைத்தார். "சார், மல்லிகா நர்சக்கா வழியிலயே போய்ட்டாங்க. நெஞ்சு வலின்னாங்க. வேகமாத்தான் சார் வந்துக்கினு இருந்தேன்" என்றார். இதுவரை மன்னிப்புக் கேட்கும் குரலில் பேசியவர் அவர் ஒருவரே. அவர் கேட்க வேண்டியதும் இல்லை.

செவிலியர் மல்லிகா அவர்கள் கல்வராயன் மலையில் ஒரு சிற்றூரில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றினார். அவர் அனுப்பும் படிவங்களைக் கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் தட்டச்சு செய்பவன் நான். 'மருத்துவமனைக்கு உள்ள தூரம்' என்ற கட்டத்தில் மற்றவர்கள் கிலோமீட்டர் எழுதுவார்கள். அவர் எழுதுவது: "மழை இல்லாவிட்டால் மூன்று மணி நேரம். மழை பெய்தால் சொல்ல முடியாது." அங்கே நேரம் எழுதக் கூடாது என்று தொலைபேசியில் சொன்னேன்.

"வலி இன்னா கிலோமீட்டர் கணக்குலயா சார் எடுக்குது?" என்றார்.

பின்னர் ஒரு பெரிய மனிதர் மலையின் வளர்ச்சியைப் பற்றிப் பேச வந்தார். அதற்காக ஹெலிகாப்டர் இறங்கும் தளங்கள் இரண்டு எழுந்தன; ஒன்று கள்ளக்குறிச்சிக்கு வெளியே, மற்றொன்று மலையில், மல்லிகா அவர்களின் ஊரருகே சாமை விளைந்த மேட்டில். இடைப்பட்ட வான்வழித் தூரம் பதினெட்டு கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஆறு நிமிடம். அவர் ஆறு நிமிடத்தில் வந்து, மலை இனி எட்டாத இடமல்ல என்று அறிவித்து, ஆறு நிமிடத்தில் திரும்பினார். மேலிருந்து பார்த்தால் சாலையில் பள்ளங்கள் தெரிவதில்லை.

மலையிலேயே ஒரு ஆம்புலன்ஸ் நிறுத்தும்படி மல்லிகா அவர்கள் அனுப்பிய மனு அப்போது என் மேசையில் இருந்தது. மேலிடத்து உத்தரவுப்படி தூரக் கட்டத்தில், "18 கி.மீ. (வான்வழி)" என்று திருத்தினேன். அவ்வளவு அருகில் இருக்கும் ஊருக்குத் தனி வண்டி தேவையில்லை என்று மனு தள்ளுபடியானது.

அடுத்த மழைக்காலத்தில், மல்லிகா அவர்கள் அலுவலகக் கூட்டத்துக்காகக் கீழே வந்திருந்த ஒரு நாள், அவருடைய ஊரில் செல்வி என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. கம்பில் போர்வை கட்டித் தூக்கியவர்கள் மேட்டிலிருந்த தளத்தின் நடுவே, ஹெலிகாப்டருக்காக வெள்ளையில் வரைந்த 'எச்' எழுத்தின் மேல் செல்வியைக் கிடத்தி மதியம் வரை காத்திருந்தார்கள். குழந்தை தங்கவில்லை.

மறுவாரம் மல்லிகா அவர்கள் என் மேசைக்கு வந்தார், குரலை உயர்த்தவில்லை. "அவங்க மேல தப்பு இல்ல சார். கீழ போனா 'எச்' போட்ட போர்டைப் பாருங்க, அதான் ஆஸ்பத்திரின்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். அங்க போட்ட எச்சுக்கு இன்னா அர்த்தம்னு இப்ப போய்ச் சொல்றது?"

அலுவலகத்திடம் பதில் இருந்தது. மக்களிடையே விழிப்புணர்வு போதாது என்று அறிக்கை எழுதியது. அதையும் நானே தட்டச்சு செய்தேன். மல்லிகா அவர்கள் ஆண்டுதோறும் அதே மனுவை அதே சொற்களில் அனுப்பினார். நானும் ஆண்டுதோறும் திருத்தினேன்.

புதன்கிழமை அவருடைய இறுதிச் சடங்குக்காக நான் மலைக்குப் போனேன். பாடையை இறக்கித் தோள் மாற்றும் இடம் வந்ததும் தூக்கி வந்த ஊர்க்காரர்கள் அந்த ஹெலிகாப்டர் தளத்தில் நின்றார்கள். அங்கே சாமை காய்ந்துகொண்டிருந்தது. செல்வி தானியத்தை இரு கைகளாலும் ஒதுக்கினார். "நர்சக்காவுக்கு எடம் வுடுங்க" என்றார். 'எச்' எழுத்தின் மேல் இறக்கினார்கள். யாரும் வானத்தைப் பார்க்கவில்லை.

நேற்று அவருடைய இறப்புப் படிவம் என் மேசைக்கு வந்தது. தூரக் கட்டத்தில், "மழை இல்லாவிட்டால் மூன்று மணி நேரம்" என்று தட்டச்சு செய்தேன்.

அன்று மழை இல்லை. போய் வாருங்கள், அம்மா.