கோட்டோடு தூங்கிய பிள்ளைகள்

மூன்றாம் மாடியில் பிள்ளைகளைக் கோட்டு, குல்லாய், காலுறை சகிதம் படுக்க வைக்கிறார்கள் என்ற செய்தி செவ்வாய்க்கிழமை இரவு எட்டரை மணிக்குத் தரைத்தளத்தில் பிறந்தது. பிறந்தபோது சின்னச் செய்திதான். படியேறப் படியேற அதற்குக் கண் வந்தது, காது வந்தது, மூக்கும் முளைத்தது. இரண்டாம் மாடியில், "ஹீட்டர் போட மனசில்லையாம்" என்றார்கள். நான்காம் மாடியில், "ஹீட்டரையே வித்துட்டாங்களாம்" என்றார்கள். ஐந்தாம் மாடிக்காரர் எழுந்து போய்த் தன் ஹீட்டர் சுவரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு வந்து படுத்தார்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் உண்மை எவ்வளவு, உப்புக் காரம் எவ்வளவு என்று கிளறிப் பார்ப்பதில் தப்பில்லை. கிளறிப் பார்த்ததில், முதல் பாதி உண்மை. பிள்ளைகள் கோட்டோடுதான் தூங்கினார்கள், ஒரே ஒரு இரவு. மறுபாதி பச்சைப் பொய். அந்த வீட்டு ஹீட்டர் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து அணைந்ததே இல்லை. அதன் மேல் எந்நேரமும் நான்கு சின்னச் சாக்ஸ் காய்ந்துகொண்டிருக்கும். அவற்றில் ஒன்று எப்போதும் ஈரமாகவே இருக்கும். எது என்று காலில் மாட்டும் வரை தெரியாது.

மூன்றாம் மாடி வீட்டுக்காரருக்குக் கட்டடத்தில் 'முதல் பஸ்' என்று பெயர். ஊரின் முதல் பஸ்ஸை ஓட்டுபவர் அவர்தான். ஆறு நாற்பதுக்கு டிப்போவில் நிற்க வேண்டும், ஆறு ஐம்பதுக்கு வண்டி வெளியே வர வேண்டும். மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை. அவள் வீடு திரும்ப ஏழு மணி ஆகும். இடையில் இருக்கும் ஐந்து வயது மகளையும் இரண்டரை வயது மகனையும் முதல் பஸ்தான் எழுப்பி, உடுத்தி, டிப்போ போகும் வழியில் உள்ள காப்பகத்தில் விட வேண்டும். மத்தியானம் தூங்கி எழுந்து அவள் அழைத்து வருவாள். வேலை முடிந்து அவர் வந்து படுத்தால், அவள் கிளம்பும் நேரத்துக்குத்தான் எழுவார். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் விழித்தபடி ஒரே மேஜையில் உட்கார்ந்து இரண்டு மாதம் ஆகிறது. இருவரும் பேசிக்கொள்வதெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய காகிதத்தில்தான். 'இருமல் மருந்து கொடுத்தாச்சு. மறுபடி கொடுக்காதீங்க.' காதல் கடிதம் என்றால் இப்போதைக்கு அதுதான்.

வெயில் காலத்தில் பிள்ளைகளோடு வீட்டைவிட்டுக் கிளம்ப நான்கு நிமிடம் போதும். இரண்டு ஜோடிச் செருப்பு, ஒரு அதட்டல், அவ்வளவுதான். குளிர்காலத்தில் நாற்பது நிமிடம். உள்சட்டைக்கு மேல் சட்டை, சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு, கீழே இரண்டு கால்சட்டை, இதற்கு நடுவே எங்கோ ஒரு குழந்தை. பெரியவளை முடித்துவிட்டுச் சின்னவனைப் பிடித்தால், பெரியவள் குல்லாயைக் கழற்றியிருப்பாள். அவளுக்குக் குல்லாயை மாட்டினால், சின்னவன் இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் துறந்து சந்நியாசியாக நிற்பான். பனி விழ ஆரம்பித்த பிறகு முதல் பஸ் இரண்டு முறை டிப்போவுக்குத் தாமதமாகப் போனார்.

திங்கட்கிழமை இரண்டாவது முறை. டைம்கீப்பர் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டிச் சொன்னார்: "இன்னும் ஒரு லேட் மார்க் விழுந்தா நைட்டுக்குப் போயிடுவீங்க. எங்கிட்ட கெஞ்சாதீங்க, நான் மாத்துறதில்ல. கம்ப்யூட்டரே மாத்திடும்."

முதல் பஸ் கெஞ்சவில்லை. அவளும் இரவு, தானும் இரவு என்றால் பிள்ளைகளோடு யார் படுப்பது என்று வண்டி ஓட்டும் நேரம் முழுவதும் கணக்குப் போட்டார். யாரும் இல்லை என்றுதான் வந்தது. எத்தனை முறை போட்டாலும் அதே விடை.

செவ்வாய் மாலை, மனைவி வேலைக்குப் போன பிறகு, அந்த யோசனை வந்தது. களைத்த மூளைக்கு வரும் யோசனைகளுக்கு ஒரு தனி அழகு உண்டு; குறை தெரியாது. காலையில் உடுத்துவதை ராத்திரியே உடுத்திவிட்டால்?

"பூட்ஸும் போட்டுக்கணும்" என்றாள் மகள்.

"பூட்ஸ் வேண்டாம்மா."

"அப்போ நான் தூங்க மாட்டேன்."

முதல் பஸ் பூட்ஸின் அடியைக் கழுவித் துடைத்து மாட்டிவிட்டார். அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. தரைத்தளத்து மருந்துக்கடை அக்கா. மேலே தடதடவென்று ஓடும் சத்தம் தரைத்தளம் வரை கேட்கிறதே என்று சொல்ல வந்தவர், முதல் பஸ்ஸின் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார். மலையேறப் போகிறவர்கள் போல இரண்டு பேர் போர்வைக்குள் படுத்திருந்தார்கள். அக்கா சத்தத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சரி தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியிலும் நின்று யோசித்து இறங்கிப் போனார்.

காலை ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. முதல் பஸ்ஸுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு நிம்மதி. இன்னும் பத்து நிமிடம் படுக்கலாம், எல்லாம்தான் தயாராயிற்றே. படுத்தார். ஐந்து நாற்பத்தைந்துக்கு மனைவி கூப்பிட்டாள். பின்னால் சலவை எந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன.

"ஏங்க, எந்திரிச்சாச்சா?"

"இன்னிக்கு நாற்பது நிமிஷம் மிச்சம். நேத்தே உடுத்திட்டேன்."

"என்னது?"

"கோட்டு, குல்லாய், எல்லாம். தூக்கிட்டுப் போக வேண்டியதுதான் பாக்கி."

"ஹீட்டர் ஓடுதா?"

"ஓடுதே."

"சின்னவன் மேல கை வெச்சுப் பாருங்க" என்றாள்.

வைத்துப் பார்த்தார். ஆவியில் வெந்தவன் போல இருந்தான். வியர்வையில் உள்சட்டை நனைந்து, சட்டை நனைந்து, ஸ்வெட்டர் நனைந்திருந்தது. மிச்சத்தை டயப்பர் பார்த்துக்கொண்டது, அதாவது பார்க்காமல் விட்டுவிட்டது. அவனிடம் இருந்த ஒரே கோட்டும் முதுகுப் பக்கம் ஈரம். வெளியே மூச்சு விட்டால் புகையாக நிற்கும் குளிர். ஈரக் கோட்டோடு பிள்ளையை வெளியே கொண்டுபோக முடியாது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். இங்கே சாணும் ஏறவில்லை.

"என்ன?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. நீ வேலையப் பாரு."

"நனைஞ்சிருக்கானா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னு நீங்க சொன்னா எனக்குத் தெரியாதா" என்றாள். சிரித்தாளா, அழுதாளா என்று எந்திரச் சத்தத்தில் பிடிபடவில்லை. "மூணாவது மார்க் விழுந்துடாம பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டாள்.

சின்னவனைத் தோலுரித்துத் துடைத்தார். காய்ந்த உள்சட்டை ஒன்று கிடைத்தது. அதற்கு மேல் தன்னுடைய ஸ்வெட்டரையே மாட்டி, கையை நான்கு மடிப்பு மடித்து, இடுப்பில் தன் மஃப்ளரைக் கட்டினார். ஸ்வெட்டர் அவன் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. பரவாயில்லை, வாசல் வரை வந்தாயிற்று என்று கைப்பிடியைத் தொட்டபோது மகள் எழுந்து நின்றாள். பூட்ஸ், கோட்டு, குல்லாய், எல்லாம் பக்கா.

"அப்பா, ஒண்ணுக்கு வருது."

முதல் பஸ் அவளைப் பார்த்தார். அவள் மேல் ஏழு அடுக்கு இருந்தது.

"காப்பகத்துல போய்க்கலாமா?"

"இப்பவே வருது."

ஜிப் பாதி வழியில் துணியைக் கடித்துக்கொண்டது. அதை அவர் இழுக்க, அவள் இருந்த இடத்திலேயே குதிக்க, சின்னவன் இதுதான் சமயமென்று மஃப்ளரை அவிழ்த்தான். மறுபடி எல்லாம் முடிந்து படியிறங்கும்போது மணி ஆறு பன்னிரண்டு. ஓட்டமாக ஓடினால் இன்னும் பிடிக்கலாம்.

தரைத்தளத்தில் அக்கா ஒரு பெரிய பையோடு வழிமறித்து நின்றார்.

"தம்பி, ஒரு நிமிஷம். தப்பா நெனைக்காதீங்க."

"அக்கா, நேரமாச்சு."

"ரெண்டாம் மாடி, நாலாம் மாடி எல்லார்கிட்டயும் சொல்லி வாங்கி வெச்சிருக்கேன். அவங்க பிள்ளைங்க போட்டதுதான், ஆனா நல்ல துணி. கஷ்டம் எல்லாருக்கும் வர்றதுதான்..." அதற்குள் அவர் கண் சின்னவன் மேல் விழுந்தது. அப்பனின் ஸ்வெட்டர், அதன் மேல் அப்பனின் மஃப்ளர், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அக்காவின் கண் கலங்கிவிட்டது. "ஐயோ, கோட்டையும் வித்துட்டீங்களா தம்பி?"

"அக்கா, எங்க வீட்டு ஹீட்டர் நல்லாத்தான் ஓடுது."

"அப்படித்தான் சொல்லணும். மானஸ்தங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

"நெஜமாவே ஓடுது. அதனாலதான் இவன் நனைஞ்சுட்டான்."

"ஹீட்டர் ஓடினா எப்படித் தம்பி நனையும்?"

விளக்கலாம். ராத்திரியே உடுத்திய கதை, மிச்சமாக வேண்டிய நாற்பது நிமிடம், மூன்றாவது மார்க், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று முதல் பஸ் மனசுக்குள் அளந்தார். அவ்வளவு நேரம் அவரிடம் இல்லை. பையின் வாயில் நீல நிறத்தில் ஒரு சின்னக் கோட்டு எட்டிப் பார்த்தது. சின்னவனின் அளவு.

"குடுங்கக்கா" என்றார்.

குடும்ப கௌரவம் போன நேரம் ஆறு பத்தொன்பது. கோட்டு கச்சிதமாகப் பொருந்தியது. "எனக்கு யானை வேணும்" என்று மகள் பையைக் கிளறி, யானை போட்ட குல்லாய் ஒன்றையும் எடுத்துக்கொண்டாள். அக்கா கண்ணைத் துடைத்தபடி மேல் மாடிகளுக்குச் சேதி சொல்லக் கிளம்பினார். இனி அந்தக் கட்டடத்தில் ஹீட்டர் விற்ற கதையை அழிக்க யாராலும் முடியாது.

காப்பகத்தில் சின்னவன் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. டிப்போ வாசலை முதல் பஸ் தொட்டபோது ஆறு நாற்பத்தேழு. முடிந்தது கதை என்று நினைத்தார். இடுப்பில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் முதுகு பிடித்திருந்தது. கூண்டுக்குப் போய் மூன்றாவது மார்க்கை வாங்கிக்கொள்வதா, அப்படியே திரும்பி நடந்துவிடுவதா என்றுகூட ஒரு கணம் நின்றார்.

அவருடைய பஸ் விளக்கெரிய உறுமிக்கொண்டிருந்தது. முன்னால் கோட்டும் குல்லாயும் கழுத்துத் துணியுமாக ஓர் உருவம், முன்கண்ணாடியில் பிடித்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. கிட்டே போனார். மீசை. பத்து வருஷத்துக்கு முன் மீசையை எடுத்துவிட்ட சக டிரைவர்; பெயர் மட்டும் முகத்தில் நின்றுவிட்டது. அவனுக்கு ஏழு மணிக்குத்தான் வேலை.

"திரும்பிப் பாக்காத. டைம்கீப்பர் கூண்டுலேருந்து பாத்துட்டிருக்கான்" என்றான் மீசை, சுரண்டியபடியே. "இந்தக் குளிர்ல எல்லாரும் ஒரே மூட்டைதான். நீதான்னு நெனச்சு டிக் பண்ணிட்டான். அந்தப் பக்கமா ஏறு."

"மாப்ளே, உன்னை நான்..."

"அதெல்லாம் அப்புறம். எனக்கு நீ ஏழு நிமிஷம் தரணும்."

"தரேன்."

"விளையாட்டுக்குச் சொல்லல. வீட்டுல மச்சினன் குடும்பம் வந்து இருபது நாள் ஆச்சு. நான் தனியா உக்கார்றதுன்னா டிரைவர் ரூம் ஹீட்டர் பக்கத்துல, ஏழு மணிக்கு முன்னாடி மட்டும்தான். இன்னிக்கு அதுல ஏழு நிமிஷம் உன் கண்ணாடிக்குப் போச்சு. எனக்கு அதைத் திரும்பக் குடு."

முதல் பஸ் ஏறி உட்கார்ந்தார். மூன்றாவது மார்க் விழவில்லை. ஆறு ஐம்பதுக்கு வண்டி வாசலைத் தாண்டியது.

வெள்ளிக்கிழமை மீசை கேட்டான்: "சாயங்காலம் என் வண்டியைக் கழுவுற இடத்துல நீ கொண்டுபோய் விடு, நான் கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்." அன்றைக்கு மகளுக்குக் காய்ச்சல். திங்கட்கிழமை மீசை மறுபடி கேட்டான். அன்றைக்குக் காய்ச்சல் சின்னவனுக்கு மாறியிருந்தது. புதன்கிழமை முதல் பஸ்ஸே கடைசி நிறுத்தத்தில் பின்னால் வந்து நின்ற மீசையின் வண்டி ஜன்னலைத் தட்டினார்.

"இங்க எனக்கு நாலு நிமிஷம் ஓய்வு இருக்கு. உன் வண்டியைப் பெருக்கித் தரேன், நீ சும்மா உக்காரு. ஏழுல நாலு கழிச்சுக்க."

மீசை அவர் முகத்தைப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே மை தடவியது போல இருந்தது.

"பிச்சுப் பிச்சு வாங்குறது எனக்குப் பழக்கமில்ல" என்றான். "ஏழும் மொத்தமா வேணும். இருக்கறப்போ குடு. இப்போ போய்த் தூங்கு."

முதல் பஸ் தன் வண்டிக்குத் திரும்பி ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்தார். அதற்குள் நான்கு நிமிடத்தில் ஒன்று போயிருந்தது.