விதைக் குடுக்கைக்கு நான் எழுதிய குறிப்பு

போன வாரம், என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் ரேவதி தன் மூன்றாவது அத்தியாயத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து வைத்தாள். அருங்காட்சியகங்கள் மலைமக்களின் வரலாற்றை எப்படிக் காட்டுகின்றன என்பது அவளுடைய தலைப்பு. ஏறக்குறைய அதே தலைப்பில்தான் நானும் பட்டம் வாங்கினேன், அதனால் சற்று மிதப்பாகவே பக்கங்களைப் புரட்டினேன். நடுவில் ஒரு படம் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சுரைக்குடுக்கை. கீழே ரேவதி எழுதியிருந்தாள்: ‘கல்வராயன் மலையின் கருஞ்சாமை அப்போதே அழிந்துவிட்டது என்பதற்கு இந்தக் காட்சிக்குறிப்பே சான்று. குறிப்பை எழுதியவர் யாரெனத் தெரியவில்லை.’

எழுதியவள் அவள் எதிரிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். அது நான்தான். படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அவள் போனபிறகு அறையில் பாச்சை உருண்டை வாசனை அடிப்பதுபோல் இருந்தது. பீரோவைத் திறந்து பார்த்தேன், அங்கே ஒன்றுமில்லை. அந்த வாசனை என் மண்டைக்குள்தான் இருந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையின் சின்ன அருங்காட்சியகம் முழுக்க அந்த வாசனைதான் அடிக்கும். அதைக் கிண்டல் செய்து என் ஆய்வேட்டில் ஒரு பத்தியே எழுதியிருக்கிறேன். உயிரோடு இருக்கிற மக்களைச் செத்தவர்கள்போல் காட்டுகிறார்கள், பொருளை எடுத்து வந்து அதன் வாழ்க்கையை வெளியே விட்டுவிடுகிறார்கள் என்றெல்லாம். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அதில் நான் தேறியவள்.

என் ஊர் சின்னசேலம் பக்கம். எங்களுக்குக் கரும்புதான். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டாணை வந்துவிட்டால் வீட்டில் வேறு பேச்சே இருக்காது. கரும்புக்கு விதை என்று தனியாக எடுத்துவைக்கிற வேலை கிடையாது. தண்டையே கரணை கரணையாக வெட்டி நடுவோம், இல்லாவிட்டால் பக்கத்துக் கொல்லையில் கேட்டு வாங்குவோம். விதை என்பது போனால் போகட்டும், இன்னொரு இடத்தில் கிடைக்கும் என்ற எண்ணத்திலேயே வளர்ந்தவள் நான். சமாதானத்துக்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் ஆய்வு மாணவியாக இருந்த வருஷம் எங்கள் துறையில் ஒரு கண்காட்சி ஏற்பாடாயிற்று. பொருள் சேகரிக்க நான் கள்ளக்குறிச்சியில் பஸ் பிடித்து வெள்ளிமலைக்குப் போனேன். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்து, முகம் வெளுத்துப்போய் இறங்கிய என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் மோர் கொடுத்தவர் சின்னப்பொண்ணு அக்கா. நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. ஒரு சரிவு நிலமும் ஒரு மகளும் இருந்தார்கள். நோட்டுப்புத்தகம் வைத்திருந்ததால் நான் அவருக்கு டீச்சர்.

அடுப்புக்கு மேலே புகை படிகிற இடத்தில் அந்தக் குடுக்கை தொங்கியது. வாயைச் சாணியும் மண்ணும் குழைத்து அடைத்திருந்தார்கள். அக்கா அதை இறக்கி என் காதோரம் வைத்துக் குலுக்கினார். சலசலவென்று சத்தம் கேட்டது. காய்ந்து நல்ல பக்குவத்தில் இருந்தால்தான் அந்தச் சத்தம் வருமாம், புழு விழுந்துவிட்டால் மொத்தையாகக் கேட்குமாம். உள்ளே இருந்தது சாமை. அதற்கு என்ன பெயர் என்று கேட்டதற்கு, “எங்க வூட்டு சாமை” என்றார். மழை குறைந்த வருஷத்திலும் கைவிடாத சாமை. சுற்றிலும் எல்லோரும் மரவள்ளிக்கு மாறிவிட்டார்கள், வேறு யாரிடமும் அந்த விதை இல்லை என்பதையும் அவரே சொன்னார். நான் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கண்காட்சிக்கு வெறும் குடுக்கையை மட்டும் கேட்டிருந்தால் அக்கா யோசிக்காமல் கொடுத்திருப்பார். விதையோடுதான் வேண்டும் என்று அடம்பிடித்தது நான். அப்போதுதான் கண்காட்சி உயிரோடு இருக்கும் என்று பெரிய மனுஷிபோல் விளக்கினேன். “வெதைய வூட்டவுட்டு அனுப்பறதில்ல” என்றார் அக்கா. இரண்டு நாள் அங்கேயே தங்கி, மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, மனதைக் கரைத்தேன். கடைசியில் குடுக்கைக்கு மஞ்சள் தடவிக் கொடுத்தார்.

“ஆடிக்கு முன்ன வந்துடணும் டீச்சர். வேற வெத கெடையாது.”

சத்தியமே செய்தேன்.

துறையில் ஒரு வழக்கம் உண்டு. இன்னும் புழக்கத்தில் இருக்கும் பொருள் என்றால் கீழ்த்தட்டு. அழிந்துபோனது என்றால் நடுக்கூடத்தில் தனிக் கண்ணாடிப் பெட்டி, விளக்கு. எனக்கு நடுக்கூடம் வேண்டியிருந்தது. ‘கருஞ்சாமை விதைக் குடுக்கை. கல்வராயன் மலை. இவ்வகைச் சாமை இன்று வழக்கில் இல்லை’ என்று எழுதினேன். கருஞ்சாமை என்ற பெயர்கூட நான் வைத்ததுதான். பெட்டி கிடைத்தது.

காட்சிக்கு வைப்பதற்கு முன் பொருள்களையெல்லாம் பூச்சிமருந்துப் புகைப்பெட்டிக்குள் மூன்று நாள் பூட்டிவைப்பார்கள். உதவியாளர் என்னைக் கூப்பிட்டு, உள்ளே இருக்கும் தானியத்தைக் கொட்டிவிடலாமா என்று கேட்டார். ஐயோ வேண்டாம், அப்படியே வையுங்கள் என்றேன். விதையைக் காப்பாற்றிவிட்டோம் என்று அன்று எனக்குப் பெருமை வேறு.

ஆனி கடைசியில் திருப்பிக் கேட்டபோது, குடுக்கையின் அடியில் வரிசை எண்ணைப் பெயிண்டால் எழுதிவிட்டார்கள், இனி வெளியே போகாது என்று சொல்லிவிட்டார்கள். நானும் பெரிதாகச் சண்டை போடவில்லை. குடுக்கையின் வாயை உடைத்து, விதையை ஒரு துணிப்பையில் கட்டி எடுத்துக்கொண்டு மலையேறினேன். அக்கா பையை மூக்கருகில் கொண்டுபோனார். “இன்னா டீச்சர், மருந்து வாசன வருது?” என்றார். பெட்டிக்குள் இருந்தது அல்லவா என்று மழுப்பினேன். வெயிலில் போட்டால் போய்விடும் என்று அவரே சமாதானம் செய்துகொண்டார். அப்போது எனக்கும் சந்தேகம் வரவில்லை என்று எழுதத்தான் ஆசை. அந்த வாசனை வந்த நொடியே எனக்கு அந்தப் புகைப்பெட்டி நினைவுக்கு வந்துவிட்டது என்பதுதான் நிஜம்.

ஆவணியில் கண்காட்சிப் படங்களைக் கொடுக்கப் போனேன். சரிவு முழுக்கப் புல்தான் இருந்தது. அக்கா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், குடுக்கையின் படத்தை மட்டும் கொஞ்சநேரம் வைத்திருந்தார். மழை நன்றாகத்தான் பெய்ததாம். ஒன்றுகூட முளைக்கவில்லையாம்.

“எம் மாமியா காத்துக்கினு வந்தது, எங்கையில போச்சி. வெயில்ல ரொம்ப காய வச்சிட்டேன் போல.”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மருந்து பூச்சியோடு முளையையும் கொன்றுவிட்டது, தப்பு உங்களுடையது இல்லை அக்கா என்று ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கச் சில வாரங்களே இருந்தன. அவர் கொடுத்த மோரை வாங்கிக் குடித்துவிட்டு, கடைசி பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டேன். வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, நல்ல பிள்ளையாக வீடு திரும்பியது.

சொல்லிவிடலாம் என்று தைரியம் வந்தபோது பல வருஷங்கள் ஓடிவிட்டன. போனேன். சரிவில் மரவள்ளி நின்றது. அக்கா இறந்து மூன்று மழைக்காலம் ஆயிற்று என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மகள் திருப்பூரில் எங்கேயோ வேலைக்குப் போய்விட்டாளாம், விலாசம் யாருக்கும் தெரியவில்லை. விதையைக் கெடுத்தது தன் கைதான் என்று நம்பிக்கொண்டே அந்த அம்மாள் போய்ச் சேர்ந்திருக்கிறார். இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் அழுகை வருகிறது. அழுது என்ன ஆகப்போகிறது.

நேற்று ரேவதியைக் கூப்பிட்டு அந்த வரியை அடித்துக் காட்டினேன். இது பொய், குறிப்பு எழுதப்பட்ட அன்று அந்தச் சாமை இருந்தது என்றேன். அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் கற்றுக்கொடுத்த மாதிரியே கேட்டாள்.

“ஆதாரம் என்ன மேடம்?”

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுதவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு இருவரும் நடுக்கூடத்துக்குப் போனோம். உதவியாளரிடம் சாவி வாங்கிப் பெட்டியைத் திறந்து, குடுக்கையை எடுத்து அவள் காதோரம் வைத்துக் குலுக்கினேன். ஒன்றும் கேட்கவில்லை என்றாள்.